போரை நிறுத்தப் புறப்பட்ட தூதர்

சண்டையை மூட்டுவது சுலபம். சண்டை போடுகிறவர்களை ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையையே தொழிலாகக் கொண்டவர், லக்தர் பிராகிமி.

இவர் வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியா நாட்டுக்காரர். 1934-ம் ஆண்டு பிறந்தார். அப்போது அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

22 வயதில் தூதர்

1954-ல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டது. பிராகிமிக்குக் கிடைத்த போர்க்களம், இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தா! விடுதலை இயக்கத்தின் பிரதிநிதியாக 1956-ல் அவர் அங்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது 22. ஆசிய நாடுகளின் ஆதரவைத் திரட்டுவதே அவர் வேலை.

1962-ல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. பிறகு எகிப்திலும் இங்கிலாந்திலும் தூதராக இருந்தார். 1991 முதல் 1993 வரை வெளிநாட்டு மந்திரி பதவி வகித்தார்.

லெபனானில் வெற்றி

லெபனானில் 1975-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பல பிரிவுகளாகப் பிரிந்து மோதினார்கள். அரபு நாடுகள் பிராகிமியைச் சமரசம் பேச அனுப்பின.

1989-ல், சவூதி அரேபியாவில் உள்ள தாயிப் நகரில் லெபனான் பாராளுமன்ற உறுப்பினர்கள் கூடினார்கள். ஒப்பந்தம் உருவாயிற்று. அதுவரை பாராளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு 6 இடம் என்றால் முஸ்லிம்களுக்கு 5 இடம். இனிமேல் சரிபாதி என்று முடிவாயிற்று. 1990-ல் போர் ஓய்ந்தது.

1994-ல் தென் ஆப்பிரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் முதல் முறையாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். அப்போது அங்கிருந்த ஐ.நா. பார்வையாளர் குழுவுக்குத் தலைவர் பிராகிமிதான்.

காலியாக இருந்த நாற்காலி

2001-ல் ஆப்கானிஸ்தானில் தலிபான் ஆட்சி வீழ்ந்தது. புதிய ஆட்சி அமைக்க ஜெர்மனியில் உள்ள பான் நகரில் மாநாடு நடந்தது. நடத்தியவர் பிராகிமி. சில நாட்களிலேயே உடன்பாடு ஏற்பட்டது. கர்சாய் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது.

ஆனால் அந்த மாநாட்டுக்குத் தலிபான்கள் அழைக்கப்படவில்லை. அது பெரிய தவறு என்று பிராகிமியே பின்னால் ஒப்புக்கொண்டார். தோற்றவனுக்கும் ஒரு நாற்காலி போடாவிட்டால், அவன் மறுபடி துப்பாக்கியுடன் வருவான். 2021-ல் காபூல் மீண்டும் தலிபான்கள் கைக்குப் போயிற்று.

சிரியாவில் தோல்வி

2012 ஆகஸ்டில், 78 வயதில், சிரியாவுக்கு அமைதித் தூதரானார். அவருக்கு முன் அந்த வேலையைப் பார்த்த கோபி அன்னான் கைவிட்டு விலகியிருந்தார்.

2014 ஜனவரியில் ஜெனீவாவில் சிரிய அரசையும் எதிர்ப்பாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். ஆனால் இரு தரப்பினரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பிராகிமியைப் பார்த்தே சொன்னார்கள்! பேச்சு முறிந்தது. சிரிய மக்களிடம் பிராகிமி மன்னிப்புக் கேட்டார். அந்த மே மாதமே பதவி விலகினார்.

என்ன காரணம்?

லெபனானில் பலித்த திறமை சிரியாவில் ஏன் பலிக்கவில்லை?

லெபனானில் சண்டை ஓய வேண்டும் என்று சவூதி அரேபியா, சிரியா, அமெரிக்கா ஆகிய மூன்றுமே விரும்பின. ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த தளபதி அவூனைச் சிரியப் படை விரட்டியது. அதாவது, தூதரின் பேச்சுக்குப் பின்னால் பலம் இருந்தது.

சிரியாவில் நிலைமை வேறு. ரஷ்யா அரசின் பக்கம். அமெரிக்காவும் சவூதியும் எதிர்ப்பாளர்கள் பக்கம். ஐ.நா. பாதுகாப்பு சபையில் கொண்டுவந்த தீர்மானங்களை ரஷ்யாவும் சீனாவும் 'வீட்டோ' என்னும் ரத்து அதிகாரத்தால் தடுத்தன. ஆயுதம் கொடுக்கிறவர்கள் ஒத்துப்போகாதபோது, தூதர் மட்டும் என்ன செய்ய முடியும்?

பிராகிமி விலகிப் பத்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், சிரிய ஜனாதிபதி ஆசாத் நாட்டை விட்டு ஓடினார். அவரை விரட்டியது பேச்சுவார்த்தை அல்ல, ஆயுதம். அதற்குள் பல லட்சம் உயிர்கள் பலியாகிவிட்டன.

தூதர் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே வர வேண்டியவர்கள்தான் வர வேண்டும்.