எந்திரச் சோதனையும் தமிழ் எழுத்தும்

இணையதளங்களைத் தானே சோதிக்கும் மென்பொருளைக் கற்கப் புகும் நம் மாணவர் பலர் செலினியம் என்னும் கருவியைக் கைக்கொள்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துத் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் தொடங்கிய இக்கருவி, மனிதர் கையேபோல் பொத்தானை அழுத்தும். கட்டத்தில் சொல்லை இடும். வந்த விடையை நாம் எழுதிவைத்த விடையோடு ஒப்பிடும். நன்றே. ஆயின் முதற்பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலப் பெயரும் கடவுச்சொல்லுமாகவே இருத்தல் ஏன்?

'ஸ்ரீபெரும்புதூர்' என்னும் பெயரை இட்டுத் தொடங்குக என்பேன். அதன் முதலெழுத்தை யூனிகோடு முறையில் முன்னர் ஸகரங்கொண்டு அமைத்தனர். 2005-இல் ஶகரம் சேர்க்கப்பட்டபின் அதனைக்கொண்டு அமைப்பதே தக்கதாயிற்று. இரண்டும் இன்றும் வழங்குகின்றன. கண்ணுக்கு ஒன்றே; எந்திரத்துக்கோ வேறு வேறு. ஒரகடம் வரை நீண்ட அத்தொழிற்பகுதியில் வேலை நாடும் ஒருவர் ஊர்ப்பெயரைத் தமிழில் இட்டுத் தேடின், வேலையிருந்தும் 'இல்லை' என்னும் விடை வரக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் இதனை அறியார். அவர்தம் அறிக்கையோ யாவும் செவ்வை என்னும்.

தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர் (என் விடுதித் தோழர் அவருள் ஒருவர்). சரியான விடை இன்னதென்று எந்திரம் தானே அறியாது. ஒருவர் எழுதித் தரல் வேண்டும். தமிழ்ச்சொல்லுக்கு அதனை எழுத நாமே உரியோம். இருவகை எழுத்தையும் இட்டு ஒரே விடை வருகின்றதா என்று காணும் சோதனை, பைதன் மொழியில் சில வரிகளே.