நூறு மடங்கு விளைச்சலும் தூர்ந்துபோன துரவுகளும்



ஈசாக்கு விதைத்து, அவ்வருடமே நூறு மடங்கு பலன் கண்டதை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். ஆனால் அதைச் சொல்லும் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம் பஞ்சத்தோடு தொடங்கி, துரவு தோண்டுவதைப் பற்றியே அதிகமாய்ப் பேசுகிறது. விளைச்சலுக்கு ஆமென் சொல்லும் நாம், துரவுகளைக் கவனியாமல் கடந்துபோகலாமா?

டெல்லியானாலும் மும்பையானாலும், பட்டணத்தில் குடியேறிய நம் வீடுகளில் சப்பாத்தி அன்றாட ஆகாரமாகிவிட்டது. கோதுமைக்குப் பேர்பெற்ற பஞ்சாப், அரியானா வயல்களில் 2022-ஆம் ஆண்டு நடந்ததை எண்ணிப்பாருங்கள். 1901 தொடங்கி அதுவரை பதிவான மார்ச் மாதங்களில், அவ்வாண்டின் மார்ச்சே நம் தேசத்தில் மிகுந்த வெப்பமுடையதாயிருந்தது. மணி திரளும் பருவத்தில் கோதுமைக்குக் குளிர்ச்சி வேண்டும். அனல் தாக்கினால் பயிர் சீக்கிரமாய் முற்றி, மணி நிரம்புமுன்னே சுருங்கிவிடும். அப்படியே நேர்ந்தது. மே 13 அன்று அரசாங்கம் கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது.

வெப்பம் ஏறும்போது மண்ணும் இலையும் நீரை அதிகமாய் இழக்கின்றன. அதை ஈடுசெய்ய விவசாயி மோட்டாரை இன்னும் நெடுநேரம் ஓட்டவேண்டியதாகிறது. நிலத்தடி நீரோ ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிறது. 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, டெல்லி பகுதிகளில் ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துபோனதை நாசாவின் செயற்கைக்கோள்கள் காட்டின. அவ்வருடங்களில் மழை பெரிதும் பொய்க்கவில்லை. ஊறியதைவிட இறைத்ததே அதிகம். 2000-க்குப் பின் இந்தியா பசுமையாகி வந்ததையும் செயற்கைக்கோள்கள் கண்டன. ஆனால் அப்பசுமையில் பெரும்பகுதி காடுகளல்ல, பயிர் நிலங்களே. மேலே பச்சை, கீழே வறட்சி!

“இவை கடைசிக்கால அடையாளங்கள், நாம் என்ன செய்யமுடியும்?” என்று விசுவாசிகள் சிலர் கேட்கிறார்கள். கர்த்தருடைய வருகை சமீபம் என்று நானும் பிரசங்கிக்கிறேன். ஆயினும், பஞ்சகாலத்தில் வாக்குத்தத்தம் பெற்ற ஈசாக்கு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தன் தகப்பன் நாட்களில் வெட்டப்பட்டு, பெலிஸ்தரால் தூர்க்கப்பட்ட துரவுகளை மறுபடியும் தோண்டினான். கேராரின் மேய்ப்பர் வாக்குவாதம்பண்ணியபோது, சண்டையிடாமல் வேறொன்றைத் தோண்டினான். ரெகொபோத்திலே தேவன் அவனுக்கு இடமுண்டாக்கினார்.

உங்கள் ஆலயக் கூரையில் விழும் மழைநீர் சாக்கடைக்குப் போகிறதா, மண்ணுக்குள் இறங்குகிறதா? ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீரை வீணாய்த் திறந்துவிடாமல், மரங்களுக்குப் பாய்ச்சலாமே! தண்ணீர் லாரி வரும் நாளில் அயலாரோடு வழக்காடாமல், அவர்கள் குடம் முதலாவது நிரம்பும்படி விட்டுக்கொடுக்கலாமே! மழைக்காக முழங்காலில் நின்று ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்தபின் மண்வெட்டியையும் கையில் எடுங்கள்.

துரவுகளை மறவாத சந்ததியாய் நம் பிள்ளைகள் வளரக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.