பங்குனிக் காற்றும் ஒரு தீக்குச்சியும்

குட்டீஸ், பங்குனி பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காலி மனைகளில் புல்லும் கோரையும் காய்ந்து சருகாகக் கிடக்கும். பிற்பகலில் கடல்காற்று வேறு! அந்த நேரம் பார்த்து, 'தெருவைச் சுத்தம் செய்கிறேன்' என்று சிலர் குப்பையைக் கொளுத்துகின்றனர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. காற்று, தீக்கு ஆக்சிஜன் ஊட்டும். பொறியைப் பக்கத்து மனைக்கும் தூக்கிச் செல்லும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றியபோது, தீயணைப்பு வீரர்கள் நாள் கணக்கில் போராடினர்.

தாத்தா தீப்பெட்டியை எடுத்தால், 'சருகைக் குழியில் போடலாம், எருவாகும்' என்று சொல்லுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை, தாத்தாக்களின் கோபம் சீக்கிரம் ஆறிவிடும், எனக்குத் தெரியாதா! புல் பற்றி எரிந்தால், அணைக்க நீங்கள் ஓடாதீர்கள். காற்று வரும் பக்கமாக விலகி நின்று, பெரியவர்களைக் கூப்பிட்டு, 101க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.