லொறி ஒன்றையே நம்பலாமோ?

உடப்புசல்லாவைச் சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து முதலில் ஏறுவது தொழிலாளியின் முதுகிலேதான். நிறுவைக்குப் பின் அது லொறியில் தொழிற்சாலை சேர்கின்றது. தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் செல்கின்றது. நம் விவசாயிகளின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறியிலேயே போகின்றன. கூலி ஏறினால் அச்சுமை பெரும்பாலும் விளைவித்தவன் தலையிலேயே விழுகின்றது.

எக்காலத்தும் இந்நிலை இருந்ததில்லை. கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிகள் மலையிறங்கின. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலக் குறும்பாதை திறக்கப்பட்டது. உடப்புசல்லாவையின் பெயரையே அப்பாதை தாங்கியிருந்தது. வாசலுக்கே வந்து சுமையேற்றும் மோட்டார் வண்டியோடு போட்டியிட மாட்டாமல் 1940களில் அது மறைந்தது. அதனை மீண்டும் போடுமாறு நாம் கேட்கவில்லை. குறுந்தூரத்துக்கு லொறியே சிறந்தது என்பதை மறுப்பாரில்லை.

ஆயினும் ஒன்றையே நம்பியிருப்பதன் விலையை நாம் இருமுறை கண்டோம். 2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபொழுது வண்டிகள் வரிசையில் நின்றன, மரக்கறி வாடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபொழுது மண்சரிவுகள் தெருக்களை மட்டுமன்றி மலையகப் புகையிரதப் பாதையையும் சிதைத்தன. ஒரு வழி அடைபட்டால் மறுவழி வேண்டும் என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ?

எப்பொருளுக்கு எவ்வழி என்பதை வகுப்பதே அறிவுடைமை. வாடும் மரக்கறிக்கு விரைவு வேண்டும். அதற்கு லொறி இருக்கட்டும். மூட்டையில் திணித்து நசுக்காமல், கூடைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் முறை பரவட்டும். பொதிசெய்த தேயிலைக்கு அத்துணை அவசரமில்லை. நானுஓயாவிலிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருளும்பொழுது உராய்வு குறைவு. ஆகவே ஒரு தொன் சுமைக்கு எரியும் எண்ணெயும் குறைவு. இறங்கும் வண்டி தேயிலையைக் கொண்டுசென்று, ஏறும்பொழுது உரமும் மாவும் கொணருமானால் வெறும் வண்டி ஓடும் நட்டமும் இராது. இருமுறை ஏற்றியிறக்கும் செலவு உண்டென்பது மெய்யே. அதனைக் குறைக்க நிலையத்தில் நல்ல களஞ்சியமும், நேரந்தவறாத சரக்கு வண்டியும் வேண்டும்.

மலைநாட்டுப் பாதையைக் காட்சி காண வருவோருக்காக மட்டும் பேணுதல் போதாது. விளைபொருளுக்காகவும் பேணுதல் வேண்டும். தோட்டத் தெருக்களைச் செப்பனிடுவதும் அத்துடன் சேர வேண்டிய பணியே. அரசாங்கமும் தோட்ட நிருவாகங்களும் விவசாயச் சங்கங்களும் ஒன்றுகூடி இதனை ஆராய வேண்டுமென வற்புறுத்துகிறோம். உழைப்பவன் முதுகிலிருந்து இறங்கிய சுமை, கூலி என்னும் பெயரால் மீண்டும் அவன் முதுகிலேயே ஏறலாகாது.