இதயத்தின் சிறு வாய்க்கால்கள்

இதயப் பெருங்குழாய்களில் அடைப்பில்லை என்று ஆஞ்சியோகிராம் காட்டிவிட்டால், நோயே இல்லையென நாம் நிம்மதி கொள்கிறோம். ஆற்றில் நீர் பெருகினும் வாய்க்கால் தூர்ந்தால் வயல் காயுமன்றோ! அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்குழாய்களை அப்படம் காட்டுவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவோ அவற்றின் உட்சுவரைச் சிதைக்கிறது. உழைப்பின்போது விரியவேண்டிய குழாய்கள் போதிய அளவு விரிவதில்லை. இதயத்தசை குருதி போதாமல் வாடுகிறது.

இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணித்தது. ஆகவே, நீரிழிவுடைய பெண்ணொருவர் படியேறுகையில் நெஞ்சு இறுகுகிறது என்றால், அதனை வாயுத் தொல்லையென்றும் மனக்கவலையென்றும் ஒதுக்குதல் முறையன்று. குருதியோட்டத்தை அளந்தறியப் பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்ற சோதனைகள் உள்ளன. படத்தோடு நில்லாது, நோயாளியின் சொல்லுக்கும் மருத்துவ உலகம் செவிசாய்த்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.