நீரை அளந்தால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் இரசாயன ஆய்வென்றாலே கிணற்றுநீரைப் பரிசோதிப்பதுதான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லின் ஊடே தேங்கும் நீர்தான் கதி. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த எண்ணத்தைப் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால், புதிய மூலக்கூறுகளை ஆக்கும் ஆய்வு நமக்கு ஆடம்பரம் என்று அதிலிருந்து முடிவுகட்டுவதை ஏற்பதற்கில்லை. நீரில் பொசுபேற்றை அளக்கும் சோதனையையே பாருங்கள். மாதிரியில் அமிலம், அமோனியம் மொலிப்தேற்று, துளி அந்திமனி உப்பு, அசுக்கோபிக் அமிலம் (விற்றமின் சி தான்) சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் நீலம் எழும்பும். ஒரு பொசுபரசு அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு மொலிப்தன அணுக்கள் ஒட்சிசனோடு கட்டிய கூடு தரும் நிறம் அது. பொலிஒட்சோமெற்றலேற்று என்பது இத்தகைய கூடுகளின் குடும்பப் பெயர். 1826இல் பெர்சீலியஸ் இந்தப் பொசுபரசுக் கூட்டின் மஞ்சள் வீழ்படிவை விவரித்தபோது கிணற்றுநீரை நினைத்திருக்க மாட்டார். இவ்வகைக் கூட்டின் அமைப்பைக் கெகின் எக்ஸ்-கதிரால் கண்டது 1933இல். மர்பியும் ரைலியும் இன்றைய சோதனைமுறையைத் தந்தது 1962இல். நமது கிணறுகளின் பெரிய தலையிடி நைத்திரேற்றுதான், பொசுபேற்று அல்ல என்பது உண்மையே. பொசுபேற்றைச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் வாதம் குலைந்துவிடவில்லை: அளக்கும் முறையே யாரோ பயன் கருதாமல் ஆக்கிப் பார்த்த சேர்வையிலிருந்துதான் வந்தது.

இப்போது இந்தக் கூடுகளில் சேதனக் கூட்டங்களைப் பொருத்துகிறார்கள். பாரிஸில் 2002இல் வெளியான முறையொன்றில், மொலிப்தேற்று உப்பையும் மங்கனீசு அசற்றேற்றையும் மூன்று ஐதரொட்சில் கொண்ட ஓர் அமீனையும் அசற்றோநைத்திரைலில் இரவு முழுக்கக் கொதிக்கவிடுவார்கள். வடித்த கரைசலுக்குள் ஈதர் ஆவி மெல்ல இறங்க, செம்மஞ்சள் பளிங்குகள் வளரும். கூட்டின் இரு முகத்திலும் ஒவ்வோர் அமீன் நீட்டிக்கொண்டிருப்பதால் சாயத்தையோ பல்பகுதியத்தையோ அதில் கோக்கலாம். குடுவையும் வெப்பமும் பொறுமையும் போதும். ஆக்கியது இன்னதென்று நிறுவத்தானே விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மங்கனீசின் காந்தத்தன்மையால் இந்தச் சேர்வைக்குக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் கோடுகள் அகன்று மங்கிவிடும். கோடிக்கணக்கில் செலவாகும் அந்தக் கருவி இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. செங்கீழ் நிறமாலையில் மொலிப்தனம்-ஒட்சிசன் பிணைப்பின் கோடுகள் சென்ரிமீற்றருக்கு 900க்கும் 950க்கும் இடைப்பட்ட அலையெண்ணில் தெரிந்தால் கூடு உருவாகியிருக்கிறது என்று முதற்கட்டமாக நம்பலாம். இறுதிச் சான்றான எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு அரை மில்லிமீற்றர் பளிங்கொன்றே போதும். அதை வெளியூர் ஆய்வுகூடத்துக்குத் தபாலில் அனுப்பலாம். ஆகவே யாழ். பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் பணம் ஒதுக்குவோர் ஒரு பெரிய கருவிக்காகப் பத்தாண்டு காத்திருக்காமல், தூய கரைப்பான்களும் உலோக உப்புகளும் ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைக்க முதலில் வழிசெய்ய வேண்டும்.