பரண் இல்லாத வீடு: ஸ்வாப் பத்தி ஒரு பொட்டிதட்டியின் புலம்பல்

ரொம்ப நாளாச்சு மக்களே, பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுலயும் போன மாசம் புடுங்கினது நானே அடிச்ச ஆணி. அதைப் பத்தின புலம்பல்தான் இது. கம்ப்யூட்டர் சமாசாரம்னதும் ஓடிடாதீங்க. பரண் வச்ச வீட்ல வளர்ந்தவங்களுக்கு எல்லாமே புரியும்.

மாசக் கடைசி நாள், ராத்திரி ஒண்ணே முக்கால். 8 ஜிபி மெமரி உள்ள ஒரு லினக்ஸ் சர்வர். அதுல டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் ஒண்டுக்குடித்தனம். எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் எழுதின ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிச்சு பத்தே நிமிஷம், டேட்டாபேஸ் பொத்துனு விழுந்துடுச்சு. காலையில மீட்டிங். "யார் எழுதின ஸ்கிரிப்ட்?"னு கேள்வி. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "என்னுதுதான் சார்"னு சொன்னான். பார்க்கவே பாவமா இருந்துச்சு.

மத்தியானம் கெர்னல் லாகைத் திறந்து பார்த்தேன். 'அவுட் ஆஃப் மெமரி'னு ஒரு வரி, கூடவே கொல்லப்பட்ட டேட்டாபேஸ் பிராசஸோட பேர். 'ஃப்ரீ' கமாண்ட் அடிச்சா, ஸ்வாப் வரியில வரிசையா மூணு பூஜ்யம். யாருடா இதை அணைச்சதுனு செட்டப் ஸ்கிரிப்டோட பழைய மாற்றங்களைத் தோண்டினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ 'ஸ்வாப்ஆஃப்' போட்டு, எஃப்எஸ்டேப்ல இருந்த ஸ்வாப் வரியையும் தூக்கியிருக்காங்க. காரணம்னு எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'வேகத்துக்காக'. எழுதினவர் பேரைப் பார்த்தேன்.

நான்தான். அவ்வ்வ்வ்.

அப்ப எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்: ராம் தீர்ந்து போனா டிஸ்க்கை ராம் மாதிரி ஓட்டறது ஸ்வாப். டிஸ்க் மெதுவானது. அதனால ஸ்வாப் வேண்டாம். அந்தக் கணக்குல தப்பில்லை. ராம்ல இருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செகண்ட். எஸ்எஸ்டினா ஆயிரம் மடங்கு, பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்னா லட்சம் மடங்கு ஆகும். நான் யோசிக்காம விட்டது வேற. ஸ்வாப் இல்லைன்னா, இடம் பத்தாதப்போ கெர்னல் எதைத் தூக்கி வெளிய போடும்?

இங்கதான் பரண் வருது. எங்க ஊர் வீட்ல அடுப்படிக்கு மேல ஒரு பரண். கொலு பொம்மை, பித்தளை அண்டா, அக்கா கல்யாணத்துக்கு வாங்கின ஜமுக்காளம் எல்லாம் அங்கதான். ஏணி போட்டு ஏறணும், தூசி தட்டணும், மெதுவான வேலைதான். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவைதானே ஏறப்போறோம்? கீழ அம்மாவுக்குச் சமைக்க இடம் கிடைக்குது.

லினக்ஸ் கெர்னலும் மெமரியை பக்கம் பக்கமா, நம்ம வழக்கமான இன்டெல், ஏஎம்டி பொட்டியில பக்கத்துக்கு 4 கேபினு, பிரிச்சு வச்சிருக்கு. அதுல முக்கியமா ரெண்டு ரகம். ஒண்ணு, டிஸ்க்குல ஏற்கனவே இருக்கிற ஃபைலோட பிரதி. நிரலோட கோடு, படிச்ச ஃபைல் எல்லாம் இந்த ரகம். இது கடைச்சாமான் மாதிரி. தூக்கிப் போட்டாலும் திரும்ப வாங்கிக்கலாம். இன்னொண்ணு, ஓடற நிரல் தானா உருவாக்கி வச்சிருக்கிற தகவல். இதுக்கு டிஸ்க்குல பிரதி கிடையாது. இது கொலு பொம்மை. தூக்கிப் போட்டா போனதுதான். இதை வைக்கக்கூடிய பரண்தான் ஸ்வாப்.

பரணை இடிச்சாச்சுன்னு வைங்க. கொலு பொம்மை எல்லாம் அடுப்படியிலேயே கிடக்கும். இடம் நெருக்கினா அம்மா என்ன பண்ணுவாங்க? அரிசி பருப்பை வெளிய போட்டுட்டு, ஒவ்வொரு வேளைக்கும் கடைக்கு ஓடுவாங்க. ஸ்வாப் இல்லாத சர்வரும் அதைத்தான் செய்யுது. ஓடிக்கிட்டிருக்கிற நிரலோட கோடையே தூக்கிப் போட்டுட்டு திரும்பத் திரும்ப டிஸ்க்குல இருந்து படிக்கும். அதாவது, எந்த டிஸ்க்குக்குப் பயந்து ஸ்வாப்பை அணைச்சேனோ அதே டிஸ்க்குகிட்டதான் போய் நிக்குது. அதுவும் போதலைன்னா, வீட்ல ஒரு ஆளையே வெளிய தள்ளும். அதுதான் ஓஓஎம் கில்லர். பொதுவா அது பிடிக்கிறது அதிக இடத்தை அடைச்சிருக்கிற ஆளை. எங்க சர்வர்ல அது டேட்டாபேஸ். கடைசியா வந்து இடம் கேட்டவன் ஒருத்தன், வெளிய போனவன் இன்னொருத்தன்.

இதுல புதுசா எதுவும் இல்லைங்கறதுதான் வெக்கக்கேடு. 1962ல மான்செஸ்டர்ல ஓட ஆரம்பிச்ச அட்லஸ் கம்ப்யூட்டர்லயே பக்கங்களை சுழலும் டிரம்முக்கு அனுப்பி எடுக்கிற வித்தை இருந்துச்சு. அளவுக்கு மீறி ஏத்தி இறக்கினா எந்த வேலையும் நடக்காதுங்கிற 'த்ராஷிங்' பத்தி பீட்டர் டென்னிங் 1968லயே எழுதிட்டார். இஞ்சினியரிங்ல ரெண்டையும் பரீட்சைக்குப் படிச்சு மார்க்கும் வாங்கினேன். வேலைக்கு வந்ததும் எங்கேயோ பார்த்த ஒத்தை வரியை நம்பினேன்.

இதுக்கு நேரெதிர் கோஷ்டி ஒண்ணு இருக்கு. 'ராம் எவ்ளோவோ அதுல ரெண்டு மடங்கு ஸ்வாப் போடு'னு சொல்றவங்க. ராம் எம்பி கணக்குல இருந்த காலத்து விதி அது. 64 எம்பிக்கு 128 எம்பினா சரி. 64 ஜிபி பொட்டிக்கு 128 ஜிபி பரண் எதுக்குங்க? வீட்டை விட பரண் பெருசா இருக்கும். ரெட் ஹாட்டோட பரிந்துரையே 2 ஜிபி வரைக்கும்தான் ரெண்டு மடங்கு. 2ல இருந்து 8 வரைக்கும் ராம் அளவு, அதுக்கு மேல 64 வரைக்கும் குறைஞ்சது 4 ஜிபி. லேப்டாப்பை ஹைபர்னேட் பண்ணணும்னா மட்டும் கணக்கு வேற. மொத்த ராமும் அங்க போய்த் தூங்கணும் இல்லையா.

அப்புறம் 'ஸ்வாப்பினெஸ்'. வழக்கமான மதிப்பு 60. 'ராம் அறுபது சதவீதம் நிரம்பினா ஸ்வாப் ஆரம்பிக்கும்'னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். அது சதவீதமே கிடையாது. கொலு பொம்மையைப் பரண்ல ஏத்தறதா, பருப்பை வெளிய போடறதாங்கிற தராசு முள் அது. 2020ல வந்த 5.8 கெர்னல்ல இருந்து 200 வரைக்கும் வைக்கலாம். 100னா ரெண்டுக்கும் ஒரே செலவுனு அர்த்தம்.

சரி, ஸ்வாப் எல்லாத்துக்கும் மருந்தா? இல்லை. நிரல்ல மெமரி ஒழுகினா எத்தனை பரண் கட்டினாலும் ஒரு நாள் நிரம்பும். கொஞ்சம் தாமதமானாலும் ஆகாதுங்கிற இடத்துல தெரிஞ்சே அணைக்கறவங்க இருக்காங்க. க்யூபர்நெட்டிஸ்லயே பல வருஷம் ஸ்வாப் இருந்தா குபெலெட் கிளம்பாதுங்கறதுதான் வழக்கம். 2021ல வந்த 1.22லதான் சோதனையா ஸ்வாப்பை உள்ள விட ஆரம்பிச்சாங்க. அணைக்கறவங்ககிட்ட எனக்குச் சண்டை இல்லை. ஏன் அணைச்சோம்னு அளந்து பார்த்து எழுதி வைக்காம அணைக்கறதுதான் பிரச்சினை. என்னை மாதிரி.

கடைசியா நான் செஞ்சது இதுதான். 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல். தனி பார்ட்டிஷன் கூட வேண்டாம், ஃபைலை உருவாக்கி, 600 அனுமதி கொடுத்து, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், எஃப்எஸ்டேப்ல ஒரு வரி. அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த மாசக் கடைசியில ராத்திரி உக்காந்து 'விஎம்ஸ்டாட்'ல எஸ்ஐ, எஸ்ஓ ரெண்டு பத்தியையும் பார்த்துக்கிட்டிருந்தேன். முதல் சில நிமிஷம் எஸ்ஓ எகிறிச்சு, அதாவது பொம்மை எல்லாம் மேல போச்சு. அப்புறம் ரெண்டுமே பூஜ்யம் பக்கம் அடங்கிடுச்சு. ஸ்வாப்ல 900 எம்பி சும்மா கிடந்துச்சு, ரிப்போர்ட் முடிஞ்சுது. 'எவ்ளோ ஸ்வாப் நிரம்பியிருக்கு'னு பார்த்து பயப்படாதீங்க. பரண் நிரம்பியிருந்தா தப்பில்லை. ஓயாம ஏணியில ஏறி இறங்கிக்கிட்டிருந்தாதான் தப்பு.

இன்னொண்ணும் செஞ்சேன், அதுக்குத்தான் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அதே மீட்டிங்ல, அதே ஆளுங்க முன்னாடி, "அந்த வரி என்னுது"னு சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்கணும், ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். ஸ்கிரிப்ட்ல 'வேகத்துக்காக' இருந்த இடத்துல இப்ப நாலு வரி விளக்கமும் தேதியும் இருக்கு.

சாயங்காலம் தம்பி என் சீட்டுக்கு வந்தான். "அண்ணா, நானும் ஸ்கிரிப்டை மாத்திட்டேன். மொத்த டேட்டாவையும் ஒரேயடியா இழுக்காம ஆயிரம் ஆயிரமா எடுக்குது"ன்னான். அப்ப கொஞ்சம் தப்பு அவன் பக்கமும் இருந்துச்சுதான். ஆனா அதை அவனா சொல்ல முடிஞ்சது, நான் என்னுதைச் சொன்னதுக்கு அப்புறம்தான்னு தோணுது.

டிஸ்கி: உங்க சர்வர்லயும் 'ஏன்'னு யாருக்கும் தெரியாம ஒரு வரி கண்டிப்பா இருக்கும். இன்னைக்கே தோண்டிப் பாருங்க. எழுதினது யாருன்னு பார்க்கும்போது மட்டும் மனசைத் திடப்படுத்திக்கோங்க.